உலக ஜெப தின ஆராதனைத் தொகுப்பு: பெண்கள் ஐக்கியத்துக்கு இது எவ்வளவு உதவுகிறது?

பெண்கள் ஐக்கியத்தை, அதாவது சபையின் பெண்கள் குழுவை, நடத்துகிற யாரைக் கேட்டாலும் ஒரே பிரச்சினையைத்தான் சொல்வார்கள். மூத்தவர்களுக்குப் பழகினதை விட மனசு வராது, இளையவர்களுக்கு அந்தப் பழகினது ஒட்டாது, நடுவில் இருக்கிறவர்கள் இரண்டு பக்கமும் சமாதானம் பேசியே ஓய்ந்துபோவார்கள். இதற்கென்றே வருகிற பாடத்திட்டங்கள், காணொளித் தொடர்கள், தியானக் குறிப்பேடுகள் என்று நிறையப் பார்த்தாகிவிட்டது, அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வயதுக்காரர்களை மட்டும் மனதில் வைத்துத் தயாரானவை, மற்றவர்கள் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் புதிதாக வந்த எதையும் நான் இங்கே எடுக்கவில்லை. 1927 முதல் உலக அளவில் நடந்துவரும் உலக ஜெப தினத்துக்காக ஆண்டுதோறும் வெளியாகிற ஆராதனைத் தொகுப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பல சபைகளில் இதை மார்ச் மாதச் சடங்காக முடித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே ஆராதனை நடக்கிறது. அந்த ஆராதனையை ஒவ்வொரு ஆண்டும் வேறொரு நாட்டுப் பெண்கள், பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். 2020இல் ஜிம்பாப்வே, 2021இல் வனுவாட்டு, 2023இல் தைவான், 2025இல் குக் தீவுகள், 2026இல் நைஜீரியா. குக் தீவுகளின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 15,000தான், நைஜீரியாவோ 20 கோடியைத் தாண்டிய நாடு. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டுக்கும் ஒரே இடம், ஒரே மரியாதை. தொகுப்பில் ஆராதனை ஒழுங்கு, வேதபாடக் குறிப்புகள், அந்த நாட்டையும் அங்குள்ள பெண்களின் வாழ்க்கையையும் பற்றிய தகவல்கள், அந்த நாட்டு ஓவியர் வரைந்த ஒரு படம், சிறுவர்களுக்கான பகுதி, பாடல்கள் எல்லாம் இருக்கும்.

சரி, இது தலைமுறைப் பிரச்சினைக்கு எப்படி உதவும்? நான் சொல்ல வந்ததே இதுதான். நம் கூடுகைகளில் பேச்சு எப்போதும் இரண்டு பேருக்கு இடையில் நடக்கிறது. தீத்து 2ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு மூத்தவர்கள் இளையவர்களுக்குப் போதிக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் (அந்தப் பகுதியை நான் மதிக்கிறேன், அதில் சந்தேகமே இல்லை), நடைமுறையில் ஒரு பக்கம் சொல்லும், ஒரு பக்கம் கேட்டுக்கொள்ளும். அதை மாற்றுகிறோம் என்று இளையவர்கள் கையில் கொடுத்தால் அப்படியே தலைகீழாகிவிடும், இப்போது மூத்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். உலக ஜெப தின ஒழுங்கில் பேசுகிறவள் மூன்றாவது ஒருத்தி. அவள் வனுவாட்டுக்காரி, அல்லது ஜிம்பாப்வேக்காரி. எழுபது வயது அம்மாவுக்கும் அவள் புதியவள், இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் புதியவள். அவள் எழுதின ஜெபத்தைக் காப்பாற்றவேண்டிய அவசியமும் மூத்தவர்களுக்கு இல்லை, அதை எதிர்த்து நிற்கவேண்டிய அவசியமும் இளையவர்களுக்கு இல்லை. இரண்டு பேரும் கேட்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திசையில் பார்க்கிறார்கள். வேறெந்தப் பாடத்திட்டத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

ஒன்றை அருகிலிருந்து காட்டினால் புரியும். 2021க்கான படத்தை வரைந்தவர் வனுவாட்டு ஓவியர் ஜூலியட் பிட்டா. 2015 மார்ச்சில் அந்தத் தீவுகளை அடித்துப்போட்ட பாம் புயல்தான் படத்தின் பொருள். ஒரு தாய் குழந்தையின் மேல் குனிந்து ஜெபிக்கிறாள், பின்னால் அலை அவள் தலைக்கு மேலே எழும்பி நிற்கிறது, ஒரு தென்னை இருவரையும் மூடுவதுபோல் வளைந்திருக்கிறது, தூரத்தில் இறந்தவர்களுக்காகச் சின்னச் சின்னச் சிலுவைகள். அந்த ஆண்டின் வேதபகுதி மத்தேயு 7:24 முதல் 27 வரை, கன்மலைமேல் கட்டின வீடும் மணலின்மேல் கட்டின வீடும். ஞாயிறு பள்ளியிலிருந்து நாம் கேட்டுவருகிற பகுதி. ஆனால் புயலில் நிஜமாகவே வீட்டை இழந்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து வாசிக்கும்போது, 'பெருமழை சொரிந்து, பெருவெள்ளம் வந்து' என்ற வார்த்தைகளைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. நாங்கள் அந்தப் படத்தை நடுவில் வைத்து, யாரும் விளக்கம் சொல்லக்கூடாது, உங்கள் கண்ணில் முதலில் பட்டது என்ன என்று மட்டும் சொல்லுங்கள் என்றோம். ஓர் இளம் தாய் அலையைச் சொன்னார். எங்கள் கூடுகையிலேயே மூத்த பாட்டி, 'அவ கண்ணை மூடியிருக்கா, அலையைப் பார்க்கவே இல்ல' என்றார். அதற்கப்புறம் பேச்சு போன போக்கே வேறு. வழக்கமாக ஒருவருக்கொருவர் 'ஸ்தோத்திரம்' சொல்வதோடு நிறுத்திக்கொள்கிற இரண்டு பேர் தங்கள் பயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள், கூட்டம் முடிந்த பிறகும்.

இந்த ஏற்பாட்டில் மாறாதது என்ன, மாறுவது என்ன என்று பிரித்துப் பார்த்தால் அமைத்தவர்களின் தெளிவு தெரிகிறது. மாறாதவை மிகக் கொஞ்சம்: அந்த வெள்ளிக்கிழமை, வேதவாசிப்பு, பரிந்துபேசும் ஜெபம், காணிக்கை, பெண்களே நடத்துவது, சபைப் பிரிவு பார்க்காமல் சேர்ந்து செய்வது. மற்ற எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நம் ஐக்கியங்களில் இது நேர்மாறாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எந்தப் பாட்டு முதலில், யார் எங்கே உட்காருவது, எந்த நிறச் சேலை, அறிவிப்பை யார் வாசிப்பது என்பதெல்லாம் கல்லில் எழுதினதுபோல் இருக்கும். யாருக்காக ஜெபிக்கிறோம் என்பது மட்டும் ஏனோதானோவென்று போகும். எதை இறுகப் பிடிக்கணும், எதைத் தளர்த்தணும் என்று ஒரு குழு முடிவெடுக்கத் திணறினால், இந்த ஒழுங்கை எடுத்துவைத்து இரண்டு மூன்று ஆண்டுக்கானதை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மாறாதது என்று நாம் நினைக்கிற அந்தத் தேதியே ஒரு காலத்தில் மாறினதுதான் என்பது இன்னும் நல்ல செய்தி. கொஞ்சம் வரலாறு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். 1887இல் அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபையில் பெண்களின் உள்நாட்டு ஊழியக் குழுவை வழிநடத்திய மேரி ஜேம்ஸ், அந்த ஊழியத்துக்காக ஒரு ஜெப நாள் வேண்டும் என்று பெண்களை அழைத்தார். 1890இல் பாப்டிஸ்ட் பெண்களான ஹெலன் பாரெட் மான்ட்கோமரி, லூசி பீபாடி இருவரும் வெளிநாட்டு ஊழியங்களுக்காக இன்னொரு ஜெப நாளைத் தொடங்கினார்கள். பிறகு இரண்டு நாட்களும் ஒன்றாயின, 1927இல் அது உலக ஜெப தினமாக விரிந்தது. ஆரம்பத்தில் அது லெந்து காலத்தின், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின், முதல் வெள்ளி. ஆனால் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு லெந்து காலம் பெரும்பாலும் வேறு தேதிகளில் வரும். 1960களின் இறுதியில், சபைப் பிரிவுகளின் எல்லை விரிந்துகொண்டிருந்த நேரத்தில், மார்ச் முதல் வெள்ளி என்று மாற்றிக்கொண்டார்கள். பல பத்தாண்டுகளாகப் பழகின நாளை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கூடுகையில் நேரத்தை மாற்றலாமா என்ற பேச்சு வந்தபோது எந்த வாதமும் எடுபடவில்லை, இந்தக் கதையைச் சொன்னதும்தான் மூத்தவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியத்தை உண்டாக்கினவர்களே அதை அசைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் குறைகிறது.

எழுதினவர்கள் யார் என்பதும் ஆரம்பத்திலேயே மாறிவிட்டது. 1930க்கான ஆராதனையை எழுதியவர் கொரியாவைச் சேர்ந்த ஹெலன் கிம். ஊழியம் 'அனுப்புகிற' நாடுகள் எழுதும், 'பெறுகிற' நாடுகள் வாசிக்கும் என்ற நினைப்பு ஓங்கியிருந்த காலம் அது. அப்போதே பேனாவைக் கைமாற்றியிருக்கிறார்கள். இளையவர்களுக்கு வாய்ப்பு கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்களை நாற்காலி போடவும் காணிக்கைப் பையைச் சுற்றிவிடவும் மட்டும் வைத்திருக்கிற குழுக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். வாய்ப்பு என்றால் பேனா.

இதில் வருகிற சிக்கல்களில் பெரியது எழுதிவைத்த ஜெபம். சில சபைகளில் ஜெபம் என்றாலே புத்தகத்திலிருந்து வாசிப்பதுதான் பழக்கம், அவர்களுக்கு இந்த ஒழுங்கு கையில் கிடைத்ததும் சொந்த வீட்டுக்குள் வந்ததுபோல் இருக்கும். வேறு சபைகளில் மனதிலிருந்து வருவதுதான் ஜெபம், தாளைப் பார்த்து வாசிப்பது உயிரில்லாதது. எங்கள் ஒத்திகையில் மூத்த அக்கா ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார், 'யாரோ எழுதி அனுப்பினதை வாசிச்சா அது என் ஜெபம் ஆகுமா?' நல்ல கேள்வி. ஓர் இளம் தங்கை மெதுவாகச் சொன்னாள், 'அக்கா, அந்த அம்மாவால இங்க வந்து ஜெபிக்க முடியாதில்ல, அவங்களுக்காக நம்ம வாய்.' அக்கா அந்தப் பகுதியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆராதனை நாளில் எழுதினதை முழுக்க வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அப்படியே தன் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கத் தொடங்கினார். அது ஒழுங்கில் இல்லை. ஆனால் அன்றைய கூடுகையிலேயே கனமான நேரம் அதுதான், எழுதின ஜெபம் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதிலிருந்து ஒவ்வொரு எழுதின ஜெபத்துக்குப் பின்னாலும் கொஞ்ச நேரம் திறந்துவிடச் சொல்கிறேன். ஒழுங்கைக் கெடுப்பது ஆகாது, அது தாங்கும்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்ட இன்னொன்று: எது பழசு எது புதுசு என்பது வயதைப் பொறுத்தது மட்டும் இல்லை. எங்களிடம் எழுதின ஜெபத்தை அதிகம் விரும்பினவர்கள் இளையவர்கள். அவர்களில் பலருக்குக் கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்க இன்னும் தயக்கம், தாளில் இருந்தால் தைரியம் வருகிறது. இளையவர்களுக்கு எல்லாம் சுதந்திரமாக இருக்கணும், மூத்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கணும் என்று முன்கூட்டியே முடிவு கட்டுகிற ஊழியர்களுக்கு இது புரிந்தால் நன்றாக இருக்கும்.

அப்புறம் யார் நடத்துவது என்ற விஷயம். பெரும்பாலான சபைகளில் போதகரின் மனைவி என்றாலே பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, அவரைக் கேட்டார்களோ இல்லையோ. சிலருக்கு அந்த வரம் இருக்கிறது, சந்தோஷம். சிலர் பாவம், ஆசிரியையாகவோ செவிலியராகவோ முழுநேரம் உழைத்துவிட்டு வந்து இதையும் சுமக்கிறார்கள். உலக ஜெப தினத்தைப் பல சபைப் பெண்கள் சேர்ந்த குழு திட்டமிடுவதால் அந்த நாற்காலி யாருக்கும் பிறப்புரிமை இல்லை. ஒழுங்கிலேயே தலைவி, முதல் குரல், இரண்டாம் குரல், எல்லாரும் என்று பகுதிகள் பிரிந்திருக்கும், ஒரே ஆள் எல்லாவற்றையும் நடத்த முடியாதபடி. இது எழுதின பெண்கள் நமக்குச் செய்த பேருதவி. ஆனால் பகுதிகளை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதவி வரிசையில் பிரித்தால் பழைய கதைதான். எங்கள் குழுவில் வாசிக்கிறவரின் வாழ்க்கையோடு எந்தப் பகுதி பேசுகிறதோ அதைக் கொடுப்போம், குழந்தைகளோடு ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்தவரிடம் அகதிப் பெண்ணின் குரல், படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஜிம்பாப்வே ஆண்டின் யோவான் 5ஆம் அதிகாரம். அந்த ஆண்டுத் தலைப்பே 'எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட' என்பதுதான். முப்பத்தெட்டு வருஷம் படுத்திருந்தவனைப் பற்றி அவர் வாசித்தபோது குரல் நடுங்கினது, யாரும் அதை நடிப்பு என்று நினைக்க முடியாது.

இந்த ஒழுங்கில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பெண் என்றால் மனைவி, தாய் என்று மட்டும் அது வைத்துக்கொள்வதில்லை. நம் பெண்கள் ஊழியங்கள் பல தாய்மையைச் சுற்றிக் கட்டப்பட்டவை, அதற்கு நல்ல காரணங்களும் இருந்தன. 1876இல் இங்கிலாந்தில் மேரி சம்னர் தொடங்கிய தாய்மார் சங்கம் இளம் தாய்மாருக்குத் துணை வேண்டும் என்ற அக்கறையில் பிறந்தது, இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அவர்களே 1970களில் விதிகளைத் திருத்தி விவாகரத்தான பெண்களுக்கும் கதவைத் திறந்தார்கள். திருமணமாகாதவர், விதவை, குழந்தை இல்லாதவர், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர் எல்லாரும் நம் கூடுகைக்கு வருகிறார்கள், அன்னையர் தினத்தன்று பின்வரிசையில் உட்கார்ந்து சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். மார்ச் மாத ஆராதனையில் அவர்கள் கிளம்புவதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பகல் ஆராதனை என்பது அழைப்பே இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பதைப் பல இடங்களில் செய்கிறார்கள், நான் அதை ஆதரிக்கவில்லை. காலையில் மூத்தவர்கள், மாலையில் இளையவர்கள் என்று தானாகப் பிரிந்துவிடும், எதற்காக இந்த ஆராதனையை எடுத்தோமோ அதுவே போய்விடும். ஒரே கூடுகை, மாலையில், மூத்தவர்களை அழைத்து வரவும் திரும்ப வீட்டில் விடவும் ஆள் ஏற்பாடு செய்து. இருட்டின பிறகு வர முடியாது என்கிற அம்மாக்களின் கவலை நியாயமானது, அதற்குப் பதில் வண்டிதான், அறிவுரை இல்லை. வண்டியில் வருகிற அந்த நேரமும் வீணாகாது, எங்கள் இரண்டு தலைமுறைகளும் அதிகம் பேசிக்கொள்வது அதில்தான். வரவே முடியாதவர்களுக்குப் போனில் இணைப்பு கொடுங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் பலர் அப்படித்தான் சேர்ந்தார்கள், அதைக் கைவிட வேண்டாம்.

இரண்டாவது, நாட்டைப் பற்றிய தகவல் பகுதி. இது தொகுப்பின் பலம், ஆனால் கையாளத் தெரியாவிட்டால் பொது அறிவுப் பாடமாகிவிடும். தலைநகரம், மக்கள்தொகை, ஏற்றுமதி என்று திரையில் ஓட்டினால் பின்வரிசையில் கண் சொருக ஆரம்பித்துவிடும். இன்னொரு ஆபத்து, 'ஐயோ பாவம் அந்த நாட்டுப் பெண்கள்' என்ற தொனி. அவர்கள் நமக்காகவும் ஜெபிக்கிற ஆராதனை இது, இரக்கப்படுவதற்குக் கொடுத்த பட்டியல் இல்லை. நான் செய்வது: தகவலை முன்கூட்டியே பிப்ரவரிக் கூடுகையிலேயே கொடுத்துவிடுவது, ஆராதனை நாளில் ஒரே ஒரு பெண்ணின் கதையை மட்டும் மெதுவாக வாசிப்பது.

மூன்றாவது, பாட்டு. அந்த நாட்டுப் பாடல்கள் கூட வரும், அவற்றைக் கற்றுக்கொள்ள முயற்சி எடுங்கள், ஆனால் எல்லாப் பாட்டும் புதுசு என்றால் மூத்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஆரம்பமும் முடிவும் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பாடல், நடுவில் ஒன்று புதியது. அவ்வளவு போதும்.

தாளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்பதைக் குறையாகச் சொல்லலாமா தெரியவில்லை, அச்சடிக்கிறவர்கள் நாம்தான். ஆனால் தயவுசெய்து செய்யுங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கி வரியைத் தேடுகிற பெண்ணால் ஜெபிக்க முடியாது. இளையவர்கள் போனில் பார்த்து வாசித்தால் முறைக்காமல் இருப்பதும் இதோடு சேர்த்திதான்.

பெரிய குறை, மார்ச்சுக்கு அப்புறம் என்ன என்பது. இந்த இயக்கத்தின் வாசகமே அறிந்து ஜெபிப்பது, ஜெபித்துச் செயல்படுவது என்பதுதான். ஆராதனை முடிந்து காணிக்கையை அனுப்பியதோடு இரண்டாம் பாதி நின்றுவிடுகிறது, இது தொகுப்பின் தவறு இல்லை, நம் சோம்பல். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில், ஏழைகளுக்கு உதவி செய்துவந்த தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் அவள் செய்த துணிகளைத்தான் எடுத்துக் காட்டினார்கள், அவள் நடத்தின கூட்டங்களை அல்ல. 2020இன் வேதபகுதியை எடுத்துக்கொண்டு, சபையில் வருடக்கணக்காகப் படுக்கையிலிருப்பவர்களைப் பார்க்க ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் சேர்ந்து போவது என்று நாங்கள் ஆரம்பித்தது இன்னும் நடக்கிறது. சேர்ந்து போகணும் என்பதுதான் அதில் முக்கியம். மூத்தவருக்கு யார் வீட்டில் எப்படிப் பேசுவது என்று தெரியும், இளையவருக்கு மருந்துச் சீட்டைப் படிக்கவும் மருத்துவமனை நேரத்தைப் போனில் பதிவு செய்யவும் தெரியும்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 4 கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது, தயாரிப்புக்கு இது கேட்கிற உழைப்புக்காக. ஒரு வாரத்துக்கு முன்னால் கையில் எடுத்தால் வெறும் வாசிப்புப் போட்டியாகத்தான் முடியும், குறைந்தது ஜனவரியிலேயே குழு உட்காரணும். சின்னச் சபை, பத்துப் பேர்தான் வருவார்கள் என்றால் தயங்கவேண்டாம், குரல்களைச் சுருக்கி வட்டமாக உட்கார்ந்து செய்யலாம், இன்னும் நன்றாகவே இருக்கும். பக்கத்துச் சபைப் பெண்களோடு இதுவரை பேச்சே இல்லை என்றாலும் இதைக் காரணமாக வைத்துப் போய்க் கேட்கலாம், இது யாருடைய சபை நிகழ்ச்சியும் இல்லை என்பதால் மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம். வேறு எந்த மாற்றமும் வேண்டாம், எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்கிற குழுவுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம் என்கிறவர்களுக்கும்தான்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முழுத் தொகுப்பையும் எல்லாருக்கும் அனுப்பாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். முதலில் படத்தை மட்டும் காட்டுங்கள். அடுத்த கூடுகையில் வேதபகுதி. அதற்கப்புறம் ஒழுங்கைப் பிரித்து, எந்தக் குரலை யார் வாசிக்கிறீர்கள் என்று அவர்களையே கேளுங்கள், முதலில் கை தூக்குகிறவருக்கு இல்லாமல், இதுவரை கை தூக்காத ஒருவரிடம் போய்.